கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, மாமனார் மாத்திரையை நிறுத்திவிட்டார்

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். எழுதியவர் யார் என்று தெரியாதபடி பெயர், ஊர், வேலையிடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

வாசகிக்கு 34 வயது. தமிழ்நாட்டில் நர்சிங் படித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தார். 2021ல் அங்கே துறைத்தலைவர் ஓர் ஆய்வு நடத்தினார். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 84 பேரில் பாதிப் பேருக்கு வாரம் மூன்று நாள் மூச்சுப் பயிற்சி, மீதிப் பேருக்கு ஒரு கையேடு மட்டும். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. ஓடியாடி ஆள் சேர்த்தது, காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்தது, எண்களை எக்செல்லில் ஏற்றியது எல்லாம் இவர். பணம் வாங்கிக்கொண்டு இதழில் போட்டுத்தரும் ஓர் ஏஜெண்ட் மூலம் கட்டுரை 2022ல் ஒரு வெளிநாட்டு இதழின் சிறப்பிதழில் வந்தது. இவருடையது இரண்டாவது பெயர். அதே ஆண்டு திருமணம், சிங்கப்பூர். இப்போது ஒரு மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறார். நிரந்தரவாசத்துக்கு (பி.ஆர்.) விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

சென்ற மாதம் அலுவலகக் கணினியில், கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் தன் பழைய கட்டுரையைச் சேர்த்திருக்கிறார். மேலே ஒரு சிவப்புப் பட்டை. ‘திரும்பப் பெறப்பட்டது.’ அதாவது, அந்தக் கட்டுரை செல்லாது என்று இதழே அறிவித்துவிட்டது. 2023லேயே! அறிவிப்பு மின்னஞ்சல் பழைய கல்லூரி முகவரிக்குப் போயிருக்கிறது, அது மூடப்பட்டு வெகுநாளாகிறது. காரணம்: நிபுணர் மதிப்பீட்டில் முறைகேடு. கட்டுரையை வெளியிடும் முன் அதே துறை நிபுணர்கள் படித்துக் குறை நிறை சொல்வது அது. ஆய்வு உலகில் பியர் ரிவியூ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

அவர் எழுதியதிலிருந்து சில வரிகள்: “பக்கத்து மேசையில் இருந்த பிள்ளை பார்ப்பதற்குள் மடிக்கணினியை மூடிவிட்டேன். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, டாக்டர். 84 பேரின் ரத்தமும் என் கையால் எடுத்தது. ஆனால் உலகம் என்னை மோசடிக்காரி என்று அறிவித்துவிட்டது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பழைய சாரைக் கேட்டால், ‘இதெல்லாம் சகஜம்மா, ஏஜெண்டிடம் இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் தலைப்பை மாற்றி வேறு இதழில் போட்டுத் தருவான்’ என்கிறார். போடலாமா? சி.வி.யிலிருந்து எடுத்துவிடலாமா? வெளியீட்டாளர் மீது வழக்குப் போடலாமா? வேலையும் பி.ஆரும் போய்விடுமா?”

வணக்கம் அம்மா.

கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் நான் எடுக்கப்போவதில்லை. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் இரண்டு விஷயங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மாமனாரைப் பற்றி ஒன்று, இரண்டு ஜிமெயில் முகவரிகளைப் பற்றி ஒன்று. நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும்விட அந்த இரண்டும் பெரியவை.

முதலில் மாமனார்

கட்டுரை வந்தபோது மாமனார் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘எங்கள் மருமகள்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறார். அவரே மூச்சுப் பயிற்சியும் தொடங்கியிருக்கிறார். அது நல்லதுதான். அப்புறம், சர்க்கரைக்குச் சாப்பிட்டுவந்த மெட்ஃபார்மின் மாத்திரையில் காலை வேளையதை விட்டார், சில மாதங்களில் இரவு வேளையதையும் விட்டார். 7.1ஆக இருந்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இப்போது 8.6. “பயிற்சியைச் சரியாகச் செய்யவில்லை போல” என்று முடித்திருக்கிறீர்கள்.

இல்லை அம்மா. மாத்திரையைச் சாப்பிடவில்லை.

67 வயதில் 8.6 என்பது இன்றைக்கே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய அளவு இல்லை. ஆனால் இப்படியே இரண்டு மூன்று வருஷம் போனால் கண், சிறுநீரகம், பாத நரம்பு மூன்றும் சத்தமில்லாமல் கெடும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் முன்கூட்டி நாள் வாங்குங்கள். கூடப் போங்கள். எந்த மாதம் எந்த வேளை மாத்திரையை விட்டார் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர், மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை ஏறுகிறது என்று நினைத்து இன்னொரு மருந்தைச் சேர்த்துவிடுவார். விட்ட கணக்கைச் சரிக்கட்ட வீட்டிலேயே இரட்டை மாத்திரை கொடுக்காதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், உடம்பும் இளைத்தால் அன்றே காட்டுங்கள்.

மூச்சுப் பயிற்சியை நிறுத்தச் சொல்லாதீர்கள். மனசுக்கும் நல்லது, கெடுதலும் இல்லை. மாத்திரைக்குப் பதிலாக அது வேண்டாம் என்பதுதான் விஷயம். இதை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். மகன் சொன்னாலும் மருத்துவர் சொன்னாலும், ‘அவர்களுக்கு என்ன தெரியும், என் மருமகள் ஆராய்ச்சியே செய்திருக்கிறாள்’ என்பார். “மாமா, அந்தக் கட்டுரை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதை நம்பி நீங்கள் மாத்திரையை விட்டது எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது” என்று உட்கார்ந்து சொல்லுங்கள். கட்டுரை எந்தக் குழுவில் வந்ததோ அதே வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போடுங்கள். அந்தக் குழுவில் இன்னும் எத்தனை பேர் மாத்திரையை விட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதைச் செய்தால் கணவரிடம் சொல்லும் வேலையும் தானாக முடிந்துவிடும்.

விடைத்தாளைத் திருத்தியது யார்?

இப்போது கட்டுரைக்கு வருவோம். அறிவிப்பை முழுதாகவே கடிதத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். நீங்கள் முதல் பத்தியோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடைசிப் பத்தியைத் திரும்பப் படியுங்கள்: இந்த முறைகேடு கட்டுரையின் ஆசிரியர்களுக்குத் தெரியுமா, அவர்களுக்கு இதில் பங்கு உண்டா என்று நாங்கள் விசாரிக்கவில்லை என்று வெளியீட்டாளரே எழுதியிருக்கிறார். ஆக, உங்களை யாரும் மோசடிக்காரி என்று சொல்லவில்லை. உங்களை நிரபராதி என்றும் சொல்லவில்லை.

பரீட்சை விடைத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். திருத்தியவர் வாத்தியாரே இல்லை, யாரோ ஒருவர் வாத்தியார் பெயரில் கையெழுத்துப் போட்டு 92 மார்க் கொடுத்துவிட்டார் என்று பிறகு தெரிகிறது. விடைகள் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த 92 செல்லாது. வெளியீட்டு நெறிமுறைக்காக 1997ல் தொடங்கிய ‘கோப்’ குழுவின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. மதிப்பீடு கெட்டுப்போயிருந்தால் அதற்காகவே ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறலாம், தரவு பொய் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. திரும்பப் பெறுவதன் நோக்கம் பதிவைச் சரிசெய்வதுதான், ஆசிரியரைத் தண்டிப்பது இல்லை என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆகவே ‘தரவு சரி, அதனால் திரும்பப் பெற்றது அநியாயம்’ என்ற உங்கள் வாதம் நிற்காது.

இந்தக் கூத்து புதிதும் இல்லை. பல இதழ்கள் கட்டுரை அனுப்பும்போதே ‘யாரை மதிப்பிடச் சொல்லலாம்?’ என்று கட்டுரை எழுதியவரிடமே பெயர் கேட்கும். 2012ல் தென்கொரிய ஆய்வாளர் ஒருவர், பெயர்களைக் கொடுத்துவிட்டு மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் தன்னிடமே வந்து சேரும்படி அமைத்திருந்தது வெளியே வந்தது. மாட்டியது எப்படித் தெரியுமா? மதிப்பீடுகள் 24 மணி நேரத்துக்குள் வந்து குவிந்தன. உண்மையான நிபுணர் யாராவது ஒரே நாளில் பதில் போடுவாரா? எனக்கு ஒரு கட்டுரை வந்தால் மூன்று சனிக்கிழமை போய்விடும், ஆசிரியர் குழு இரண்டு முறை நினைவூட்டும். அவருடைய 28 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2014ல் தைவானில் ஓர் ஆய்வாளரைச் சுற்றிப் போலி மதிப்பீட்டாளர் கணக்குகளின் வலையே இருந்தது தெரிந்து, ஒரே இதழ் 60 கட்டுரைகளை ஒரே மூச்சில் திரும்பப் பெற்றது. அவற்றில் சிலவற்றில் அந்நாட்டுக் கல்வி அமைச்சரின் பெயரும் கூட்டாசிரியராக இருந்தது. அவர் பதவி விலகினார். 2017ல் கட்டிகள் பற்றிய ஒரு மருத்துவ இதழிலிருந்து 107 கட்டுரைகள் போயின.

நீங்கள் மாட்டியது அதற்கடுத்த பெரிய அலையில். 2023ல் மட்டும் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவை, 2021ல் வைலி நிறுவனம் வாங்கிய ஹிந்தாவி என்ற ஒரே வெளியீட்டாளரின் இதழ்களில் வந்தவை. பெரும்பாலும் சிறப்பிதழ்கள். சிறப்பிதழுக்கு வெளியிலிருந்து ஒரு விருந்தினர் ஆசிரியர் வருவார், மதிப்பிட யாரைக் கூப்பிடுவது என்பதும் அவர் கையில். அந்த இடத்தில் ஏஜெண்டுகள் புகுந்துவிட்டால் கட்டுரை, மதிப்பீடு, ஒப்புதல் மூன்றும் ஒரே கடையில் கிடைக்கும். பிரச்சினை தெரியவந்ததும் வெளியீட்டாளர்கள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்கு ஒரே அச்சில் அறிவிப்பு வார்த்தார்கள். உங்களுக்கு வந்ததும் அந்த அச்சில் வார்த்ததுபோலத்தான் இருக்கிறது. அவ்வளவு பேரை ஒவ்வொருவராக யார் விசாரிப்பது? அந்த அவசரத்தில் உண்மையாக உழைத்த சிலரும் அடிபட்டிருப்பார்கள் என்றே நானும் நினைக்கிறேன். அதற்காக உங்கள் ஆய்வு அந்தச் சிலவற்றில் ஒன்று என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்லிவிட முடியாது.

காணாமல் போன 11 பேர்

ஏன் என்று சொல்கிறேன். உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

பயிற்சிக் குழுவில் 42 பேர் என்கிறீர்கள். “பாதியில் நின்றுவிட்ட 11 பேரைச் சார் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார், 31 பேரை வைத்துத்தான் முடிவு எழுதினோம்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான மதிப்பீட்டாளர் கையில் கட்டுரை போயிருந்தால் அவர் கேட்டிருக்கும் முதல் கேள்வியே இதுதான்: அந்த 11 பேர் ஏன் நின்றார்கள்? பயிற்சியால் பலன் இல்லை என்று நின்றிருந்தால்? பலன் கண்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணினால் எந்தச் சிகிச்சையும் ஜெயிக்கும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஆள் குறைந்த குழு அது.

இன்னொன்று. பயிற்சிக் குழு உங்களை வாரம் மூன்று முறை பார்த்தது. ‘சர்க்கரை எப்படி இருக்கு, இனிப்பு சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டாச்சா’ என்று நீங்கள் கேட்காமலா இருந்திருப்பீர்கள்? கையேடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை யார் கேட்டார்கள்? சர்க்கரை குறைந்தது மூச்சாலா, உங்களாலா?

நீங்கள் எடுத்த ரத்தம் உண்மை. எக்செல்லில் ஏற்றிய எண்ணும் உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் எண் உண்மையாக இருப்பது வேறு, அதிலிருந்து எடுத்த முடிவு சரியாக இருப்பது வேறு. இடையில் இருக்கும் அந்த இடைவெளியைப் பார்ப்பதற்குத்தான் மதிப்பீட்டாளர். அவர் இல்லாமல் போனதால் உங்களுக்கு நஷ்டம், உங்கள் மாமனாருக்கும் நஷ்டம்.

கட்டுரையை இதுவரை 14 பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்று பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெருமையாகவே எழுதியிருந்தீர்கள். அங்கேதான் எனக்குக் கவலை. ஜெர்மானிய மயக்க மருந்து நிபுணர் யோவாக்கிம் போல்ட்டின் விவகாரம் எங்கள் துறையில் பாடமாகவே ஆகிவிட்டது. அவருடைய நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அது பியர் ரிவியூ ஊழல் இல்லை, அதைவிட மோசம். தீவிர சிகிச்சையில் ஏற்றும் ஒரு வகை ஸ்டார்ச் திரவம் பாதுகாப்பானது என்று அவர் எழுதிவந்தார். 2013ல் ஒரு தொகுப்பாய்வில் அவருடைய ஏழு ஆய்வுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, அந்தத் திரவம் ஏற்றப்பட்டவர்களிடம் மரணமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருப்பது தெளிவாகத் தெரிந்தது. செல்லாத ஆய்வு ஒன்று கூட்டல் கணக்கில் உட்கார்ந்துகொண்டால் விடையே மாறும். மூச்சுப் பயிற்சியால் யாரும் சாகப்போவதில்லைதான். ஆனாலும் அந்தத் தொகுப்பாய்வை எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘நீங்கள் சேர்த்துள்ள இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது, நான் அதன் இரண்டாவது ஆசிரியர்.’ இது போதும்.

இரண்டு ஜிமெயில் முகவரிகள்

“நான் எந்தத் தப்பும் செய்யவில்லை” என்று ஆரம்பித்தீர்கள். மூன்றாம் பக்கத்தில் எழுதியது இது: “ஏஜெண்ட் கேட்டார் என்று கூடப் படித்த தோழிகள் இருவரின் பெயரைக் கொடுத்தேன். அவர்கள் எந்த மதிப்பீடும் எழுதவில்லையாம். கட்டுரைக் கோப்பில் பார்த்தால் ஒருத்தியின் ஜிமெயிலில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறது.” அதோடு ஏஜெண்டுக்கு உங்கள் பங்காக 18,000 ரூபாய் அனுப்பியதையும் சொல்லியிருக்கிறீர்கள்.

மதிப்பீட்டாளர் பெயரைப் பரிந்துரைப்பது தப்பில்லை, இதழே கேட்கிறது. ஆனால் தோழிகளை, தோழிகள் என்று சொல்லாமல் பரிந்துரைத்தது தப்பு. ஆங்கிலத்தைத் திருத்தித் தரப் பணம் வாங்குவதும் தப்பில்லை, எத்தனையோ நல்ல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. மொழி திருத்துகிறவர் மதிப்பீட்டாளர் பெயரை ஏன் கேட்கிறார் என்று அன்றைக்கு நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு எழுத்து கூடுதலான அந்த முகவரி யாருடையது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. 29, 30 வயதில், துறைத்தலைவர் சொன்னால் ‘சரி சார்’ என்று தலையாட்டும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆசிரியர் என்று பெயர் போடுவதற்கு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகளில் கடைசி, கட்டுரையின் எல்லா அம்சங்களுக்கும் பொறுப்பேற்கச் சம்மதிப்பது. இரண்டாவது பெயருக்கும் அது உண்டு. ‘ஏமாந்தேன், கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை’ என்பதுதான் உங்கள் நிலை. ‘ஏமாற்றினேன்’ இல்லை. ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்பதும் இல்லை. எங்கே யாரிடம் பேசினாலும் இந்த நிலையிலேயே நில்லுங்கள். இதிலிருந்து ஒரு அடி அந்தப் பக்கம் நகர்ந்தாலும் பிறகு ஜிமெயில் விஷயம் வெளியே வரும்போது உங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

தோழிகள் இருவருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் பெயரில் யாரோ கணக்குத் திறந்திருக்கிறார்கள். அதே பெயரில் வேறு எத்தனை கட்டுரைகளுக்கு ‘மதிப்பீடு’ போயிருக்கிறதோ.

மேலதிகாரியிடம் சொல்வது

சொல்ல வேண்டுமா என்றால், வேண்டும். அவராகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் மிகப் பெரிய தரவுத்தளம், ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் தொகுத்தது, 2023 செப்டம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. உங்கள் கணினியில் தெரிந்த சிவப்புப் பட்டை பக்கத்து மேசையிலும் தெரியும். அதுவும் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலையில் இருப்பவரிடம் எதிர்பார்ப்பது நம்பகம் ஒன்றைத்தான்.

போவதற்கு முன்னால் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ.யில் ஆய்வு பதிவாகியிருக்கிறதா? அங்கே 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்வது கட்டாயம். அப்படிப் பதிவாகியிருந்தால் உங்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. எதை அளக்கப்போகிறோம், எத்தனை பேர் என்று தொடங்கும் முன்பே எழுதிவைத்தது அங்கே தேதியோடு இருக்கும். பதிவாகவில்லை என்றால் அதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஏஜெண்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். நோயாளிகளின் பெயரோடு உள்ள பழைய எக்செல் உங்கள் சொந்த மடிக்கணினியில் இருந்தால் அதை யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பவும் வேண்டாம், இங்குள்ள அலுவலகக் கணினியில் ஏற்றவும் வேண்டாம். என்ன செய்வது என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

மேலதிகாரியிடம் நேரில் பேசிவிட்டு, அன்றே ஒரு சின்ன மின்னஞ்சலும் அனுப்புங்கள். கிட்டத்தட்ட இப்படி:

“2022ல் வெளியான, நான் இரண்டாவது ஆசிரியராக உள்ள கட்டுரை 2023ல் திரும்பப் பெறப்பட்டிருப்பது சென்ற மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. காரணம் மதிப்பீட்டு முறைகேடு. வெளியீட்டுக்கு ஒரு வெளி ஏஜெண்ட் பயன்படுத்தப்பட்டார். அவர் கேட்டு இரண்டு மதிப்பீட்டாளர் பெயர்களை நான் கொடுத்தேன். அவர்கள் பெயரில் போலி முகவரிகள் பயன்படுத்தப்பட்டதாக இப்போது சந்தேகிக்கிறேன். இதழுக்கும் தெரிவிக்கிறேன். இங்கு நான் செய்யும் எந்த ஆய்வுக்கும் இதனுடன் தொடர்பில்லை. விசாரணை வேண்டுமென்றால் ஒத்துழைப்பேன்.”

அழுகை, மன்னிப்பு, பழைய சாரைப் பற்றிய குறை எதுவும் அதில் வேண்டாம். மருத்துவமனையில் ஆய்வு நேர்மைக்கென ஓர் அலுவலகம் இருந்தால் அதற்கும் ஒரு நகல். 2010ல் இதே ஊரில் நடந்த உலக மாநாட்டில் உருவான, ஆய்வு நேர்மைக்கான சிங்கப்பூர் அறிக்கையை வேலையில் சேர்ந்தபோது படிக்கச் சொல்லியிருப்பார்கள். மொத்தமே 14 பொறுப்புகள். தப்பு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் உரியவர்களிடம் தெரிவிப்பதும் அவற்றில் ஒன்று. இந்த மின்னஞ்சல் அதுதான்.

வேலை போகுமா? உறுதி கொடுக்க என்னால் முடியாது. சொல்லாமல் இருந்து மாட்டினால் ஆபத்து பல மடங்கு என்பது மட்டும் நிச்சயம். வேறு நாட்டில், வேறு வேலையில், இங்கு வருவதற்கு முன் நடந்த ஒன்றுக்காக, தானாக வந்து சொன்னவரை விசாரிக்காமல் அனுப்பும் நிர்வாகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படியே அனுப்பிவிட்டால், நியாயமற்ற பணிநீக்கம் என்று டி.ஏ.டி.எம். எனப்படும் முத்தரப்பு அமைப்பில் முறையிட வழி இருக்கிறது. கடைசி வேலை நாளிலிருந்து ஒரே ஒரு மாதம்தான் அவகாசம். வெளிநாட்டு ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு. பி.ஆர். விஷயத்தில், கட்டுரை திரும்பப் பெறப்படுவது குற்றம் இல்லை. ஆனால் விண்ணப்பத்தோடு கொடுத்த சி.வி.யில் இந்தக் கட்டுரை இருந்தால், குடிநுழைவு ஆணையம் மேல்விவரம் கேட்கும்போது இப்போதைய நிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மிச்சக் கேள்விகள்

வழக்கு வேண்டாம். அறிவிப்பு உங்களைப் பற்றிப் பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அந்த இரண்டு ஜிமெயில் முகவரிகளைப் பற்றித்தான் இருக்கும். அதற்குப் பதிலாக இதழின் ஆசிரியர் குழுவுக்கு நடந்ததை எழுதி, உங்கள் விளக்கத்தைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அறிவிப்பில் ஆசிரியர்களின் நிலைப்பாட்டையும் குறிப்பிட முடியுமா என்று கேளுங்கள். முறையாகப் பதில் வரவில்லை, வெளியீட்டாளர் கோப் உறுப்பினர் என்றால், அங்கே முறையிடலாம்.

ஏஜெண்டுக்கு இன்னொரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தலைப்பை மாற்றி, திரும்பப் பெறப்பட்டதை மறைத்து வேறு இதழில் போடுவதுதான் உண்மையான மோசடி. இதுவரை நீங்கள் செய்யாதது அது. சார் ‘எல்லோரும் சம்மதிக்கிறோம்’ என்று ஒரு படிவம் அனுப்பிக் கையெழுத்துக் கேட்பார். போடாதீர்கள். மறுப்பை மின்னஞ்சலிலேயே சொல்லுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

நேர்வழியில் மறுபடி வெளியிட இடம் இருக்கிறது. மூலத் தரவு, நெறிமுறை ஒப்புதல் எல்லாம் சரியாக இருந்து, 42 பேரையும் கணக்கில் எடுத்து ஒரு புள்ளியியலாளரை வைத்துத் திரும்பக் கணக்கிட்டு, முன்பு திரும்பப் பெறப்பட்டதைப் புதிய இதழின் ஆசிரியருக்கு முதல் கடிதத்திலேயே சொல்லி அனுப்பலாம். ‘பெரிய பலன் தெரியவில்லை’ என்று முடிவு மாறினாலும் அனுப்புங்கள். பஸ் ஏறி வந்து கை நீட்டிய அந்த 84 பேருக்கு அவ்வளவாவது செய்ய வேண்டும். சாருக்கு அதில் ஆர்வம் இருக்காது என்றே ஊகிக்கிறேன். அவர் சம்மதிக்காமல் கல்லூரியின் தரவைத் தொட உங்களுக்கு உரிமையும் இல்லை. அப்படியானால் விட்டுவிடுங்கள்.

சி.வி.யில் கட்டுரையை எடுக்கலாமா என்றால், எடுத்தாலும் கூகுளில் இருக்கும். ஆய்வு வேலைக்கான சி.வி. என்றால் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ‘2023ல் திரும்பப் பெறப்பட்டது’ என்று போட்டுவிடுங்கள். நேர்காணலில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி பழகிக்கொள்ளுங்கள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தால்கூடத் தப்பில்லை.

மாமனாருக்கு மாத்திரை மறுபடி தொடங்கி மூன்று மாதம் ஆனதும் எச்பிஏ1சி பார்ப்பார்கள், முடிவு ஹெல்த்ஹப் செயலியில் வரும். அந்த எண் என்னவென்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.